ஜாமீன் கிடைத்த மறுநாள் அவர் எங்கே போவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இலங்கையிலிருந்து வந்து, அகதியாகப் பதிவு மறுக்கப்பட்டு, வழக்கிலும் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகளில் ‘கள்ளத்தோணி’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் அந்தச் சொல் பழைய வசவு. ஹட்டனிலும் பதுளையிலும் கொழுந்து பறித்தவர்களை அந்த நாட்டில் அப்படித்தான் ஏசினார்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 9,75,000 பேரைக் கணக்கில் வைத்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. வந்தவர்களில் ஒரு பகுதியினரை வைத்துத்தான் இங்கே டான்டீ (அரசின் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்கள் நடந்தன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் படிக்கும் பத்திரிகையில் அதே வசவு தலைப்பாக வருவது உறுத்துகிறது. ‘அனுமதியின்றி வந்தவர்’ என்று எழுதினால் செய்தியில் எதுவும் குறைந்துவிடாது.

நாங்கள் எழுத வந்தது அதற்காக மட்டுமல்ல. இப்படி ஒருவர் கைதானதும் அவருக்காகப் பேச இந்த மலையில் ஆட்கள் கூடிவிடுகிறார்கள். நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் உழைப்பு முழுவதும் சுவரொட்டிக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் ஜாமீன் மனுவுக்கும் போய்விடுகிறது. ஜாமீன் கிடைத்ததும் இனிப்பு வாங்குகிறார்கள். மறுநாள் அந்த ஆள் திருச்சியில் இருக்கிறார்.

காரணம், அவர் பெயரில் ஓடுவது ஒரு கோப்பு அல்ல, இரண்டு. வழக்கு என்பது காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே ஓடும் கோப்பு. அவர் எங்கே தங்கலாம், தங்கலாமா கூடாதா என்பது தலைமைச் செயலகத்தின் பொதுத்துறையிலும் டெல்லி உள்துறை அமைச்சகத்திலும் ஓடும் கோப்பு. முதல் கோப்பில் நீதிபதி கையெழுத்திட்டுக் கதவைத் திறந்தாலும், இரண்டாவது கோப்பில் ஓர் அரசாணை வந்தால் சிறை வாசலிலிருந்தே வேன் திருச்சிக்குத் திரும்பும். அங்கே மத்தியச் சிறை வளாகத்துக்குள் இருக்கும் சிறப்பு முகாமைச் சட்டம் சிறை என்று சொல்வதில்லை. வெளியே போகத்தான் முடியாது. எல்லோரும் அறிந்த உதாரணம் 2022 நவம்பரில் நடந்தது. ராஜீவ் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் விடுவித்தவர்களில் இலங்கைக் குடிமக்களான நால்வரும் சிறையிலிருந்து நேராகச் சிறப்பு முகாமுக்குத்தான் போனார்கள். அவர்களில் சாந்தன் ஊர் திரும்பக் காத்திருந்தபடியே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். அந்த வழக்கைப் பற்றி அவரவருக்கு ஒரு கருத்து இருக்கும். இங்கே பார்க்க வேண்டியது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்கூட இரண்டாவது கோப்பை மூட முடியவில்லை என்பதைத்தான்.

இப்போது யாருக்குப் பதிவு மறுக்கப்படுகிறது என்று பார்ப்போம். இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. நம்மிடம் அகதிச் சட்டமும் இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்கள் போய்விட்டன. கூடவே வந்த விலக்கு ஆணையில் இலங்கைத் தமிழர்களுக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் அதற்கு இரண்டு பூட்டு. 2015 ஜனவரி 9க்குள் இங்கே தஞ்சம் புகுந்திருக்க வேண்டும், பதிவும் பெற்றிருக்க வேண்டும். 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி தனுஷ்கோடி மணல் திட்டுகளில் வந்து இறங்கியவர்கள் முதல் பூட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களில் முதலில் வந்த சிலர் புழல் சிறையையும் பார்த்தார்கள். பிறகு மண்டபம் முகாமில் இடம் கிடைத்தது, பதிவு கிடைக்கவில்லை. இரண்டாவது பூட்டில் நிற்பவர்கள் வேறு ரகம். எப்போதோ வந்து முகாமில் இருந்துவிட்டு, ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கணக்கெடுக்க வரும் நாளில் எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டதால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர்கள் அவர்கள். தேதி அவர்களுக்குச் சாதகம், பதிவு இல்லை. இவர்களுக்குத்தான் முதலில் உதவி தேவை. பழைய பதிவை மீட்டால் வழக்கின் அடித்தளமே ஆடும். சென்னை எழிலகத்தில் உள்ள மறுவாழ்வு ஆணையரகத்துக்கும், அவர் முன்பு இருந்த முகாமின் வட்டாட்சியருக்கும் அந்தப் பதிவேட்டு நகல் கேட்டு மனுப் போட வேண்டும். தகவல் உரிமைச் சட்டப்படி கேட்பதானால் விண்ணப்பதாரர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதால் உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் போடுங்கள். ஒருவருடைய சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 30 நாள் கெடு இல்லை, 48 மணி நேரம்தான். அதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதினால்தான் அலுவலகம் கவனிக்கும்.

தண்டனை என்னவென்று தெரியாமல் அலைபவர்கள் நிறைய. இந்தப் புதிய சட்டப்படி, செல்லுபடியாகும் பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்ததற்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விசா முடிந்தும் தங்கியிருந்தால் 3 ஆண்டு, 3 லட்சம் வரை. போலி பாஸ்போர்ட், விசா பயன்படுத்தினால் குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு, அபராதம் 1 லட்சத்திலிருந்து 10 லட்சம். இந்தியர் என்று சொல்லி நம் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆவது பிரிவும் சேரும்.

ரிமாண்ட் செய்த நாளிலிருந்து நாட்களை எண்ண ஓர் ஆள் வேண்டும். மேலே சொன்ன குற்றங்களுக்கு 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடுகிறது. அந்த ரிமாண்ட் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் எஃப்.ஐ.ஆரில் மதிப்புமிக்க ஆவணத்தைப் போலியாகத் தயாரித்ததாக, அதாவது பாரதிய நியாய சன்ஹிதா 338ஆவது பிரிவு, சேர்ந்திருந்தால் கெடு 90 நாளாகிவிடும். ஆகவே எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கியதும் எல்லாப் பிரிவுகளையும் படியுங்கள். அந்த நாள் வந்ததும் ஜாமீன் தானாக வராது. குற்றப்பத்திரிகை உள்ளே போவதற்கு முன் மனு உள்ளே போயிருக்க வேண்டும். 61ஆம் நாள் காலை மனு தயாராக இல்லாமல், வக்கீல் வேறு ஊர் வாய்தாவுக்குப் போயிருந்ததால் போன உரிமை பிறகு திரும்பி வராது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் காவலில் இருக்கும் எவருக்கும், வெளிநாட்டவர் உட்பட, இலவசச் சட்ட உதவி உண்டு. உதகையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் வாரக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் உண்டு. கேட்டால் ஜாமீன்தார் கிடைக்கவில்லை என்பார்கள். இந்த மலையில் அது உண்மையான சிக்கல், வெளியூர் வக்கீல்களுக்குப் பிடிபடாத சிக்கலும்கூட. நீதிமன்றம் இரண்டு ஜாமீன்தார் கேட்கும். அவர்கள் வீட்டு வரி ரசீதும் சொத்துக்கு வி.ஏ.ஓ. சான்றும் கொண்டுவர வேண்டும். டான்டீ லைன் வீட்டில் குடியிருப்பவருக்கு வரி ரசீது ஏது? வீடு கழகத்தினுடையது. கூடலூர், பந்தலூரில் சொந்தமாக வீடு கட்டியவர்களில் பலர் இருப்பது ஜென்ம (பழைய நிலவுடைமை முறை) ஒழிப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு நிலத்தில். அங்கே பட்டா கிடையாது. முப்பது வருடமாகக் குடியிருக்கும் வீட்டைக் காட்டி ஒரு ஆளுக்காகக் கையெழுத்துப் போட முடிவதில்லை. ஆகவே ஆள் தேடும்போதே பட்டா உள்ளவர்களை, அல்லது சம்பளச் சான்று தரக்கூடிய அரசு ஊழியர், நிரந்தரத் தொழிலாளி ஆகியோரைத் தேடுங்கள். இரண்டு பேர் போதாது, நான்கு பேரைத் தயாராக வையுங்கள். ஒருவர் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. கியூ பிராஞ்ச் (காவல்துறையின் உளவுப் பிரிவு) வந்து விசாரித்தால் எந்த வீட்டிலும் சமையலறையில் பேச்சு நின்றுவிடும்.

ஜாமீன்தார் எடுத்துவர வேண்டியவை: ஆதார், ரேஷன் கார்டு, சொத்துச் சான்று அசலும் நகலும், நான்கு பாஸ்போர்ட் அளவுப் படம். பிணைப் பத்திரத்தில் படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்கச் சொல்வார்கள். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். நீதிமன்ற வாசலில் காசுக்கு நிற்கும் ஆட்களைப் பிடித்தால் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள், அதோடு ஜாமீனும் போகும். பந்தலூர்க்காரர் உதகைக்கு வர கூடலூர் வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர் மலைப்பாதை. ஆடி மழையில் மரமோ மண்ணோ விழுந்தால் அன்றைய வேலை கெட்டது. மழைக்காலத்தில் முந்தின இரவே உதகையில் தங்க ஏற்பாடு செய்யுங்கள்.

‘ஒருவர் ரத்த உறவினராக இருக்க வேண்டும்’ என்பது நம் நீதிமன்றங்கள் வழக்கமாகப் போடும் நிபந்தனை. தஞ்சம் தேடி வந்தவரின் ரத்த உறவு கடலுக்கு அந்தப் பக்கம். உத்தரவு வந்த பிறகு திருத்தம் கேட்டு அலைவதைவிட, ஜாமீன் மனுவிலேயே இதைச் சொல்லி நிபந்தனையைத் தவிர்க்கக் கேட்பது நல்லது. வேறு மாவட்டத்து ஜாமீன்தார் என்பதற்காக மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1978லேயே மோதிராம் வழக்கில் சொல்லிவிட்டது. வெளிநாட்டவர் என்றால் தூதரகத்திலிருந்து ‘நாட்டைவிட்டுப் போகமாட்டார்’ என்று உறுதிக் கடிதம் கேட்பது இன்னொரு நிபந்தனை. 2024 ஜூலை 8 அன்று ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் அப்படியொரு நிபந்தனையை உச்ச நீதிமன்றம் நீக்கியது. எந்த அரசுக்குப் பயந்து வந்தாரோ அந்த அரசிடமே போய்க் கடிதம் வாங்கு என்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று சொல்ல வேண்டியதில்லை. ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் பிணைப் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 தேதியிட்ட உத்தரவு. அந்த உத்தரவின் நகல் ஒன்றை வக்கீலின் கோப்பில் வைத்துவிடுங்கள். தினமும் காலை பத்தரைக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து என்ற நிபந்தனையும் தோட்ட வேலைக்காரருக்கு ஒத்துவராது. வாரம் ஒரு முறை என்று கேளுங்கள்.

இந்த ஜாமீன் வேலை நடக்கும்போதே இரண்டாவது கோப்பையும் திறந்துவிட வேண்டும். ஜாமீன் மனு போடும் அதே வாரத்தில் பொதுத்துறைச் செயலருக்கு ஒரு மனு, மறுவாழ்வு ஆணையருக்கு ஒரு பிரதி, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு பிரதி. ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மற்ற இரண்டும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. மனுவில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: விடுதலையானால் சிறப்பு முகாமுக்கு அனுப்பாமல், இன்ன முகவரியில் இன்னார் பொறுப்பில் தங்க அனுமதியுங்கள், முடியாவிட்டால் குடும்பங்கள் வாழும் சாதாரண மறுவாழ்வு முகாமில் இடம் கொடுங்கள். முகவரிக்கு உரியவரின் சம்மதக் கடிதம், வருமானச் சான்று, மருத்துவத் தாள்கள் இருந்தால் அவை எல்லாம் இணைப்பாகப் போகட்டும். சிறப்பு முகாம் ஆணை வந்த பிறகு அதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது, ‘முன்பே மனுக் கொடுத்தோம், பரிசீலிக்கவே இல்லை’ என்று காட்ட அந்த ஒப்புகை அட்டைதான் ஆதாரம். கொடைக்கானல் பக்கத்து வாசகர்களுக்கு: உங்கள் மாவட்டம் மதுரைக் கிளைக்குள் வருகிறது, நீலகிரி சென்னைக்கு.

ஆயிரம் கையெழுத்து வாங்குவதைப் பெரிய சாதனையாக நினைக்கிறார்கள். அதிகாரி அந்தக் கட்டைப் புரட்டுவதே இல்லை. அவரை நேரில் அறிந்த இருபது பேர் ஆளுக்கொரு பக்கம் தங்கள் கையெழுத்தில் எழுதட்டும்: எந்த ஆண்டு முதல் தெரியும், என்ன வேலை செய்தார், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது. ஒரே வாசகத்தைத் தட்டச்சு செய்து இருபது பேரிடம் ஒப்பம் வாங்கினால் அது ஒரு கடிதம்தான். கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானத்தில் வழக்கைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். ‘இவர் இங்கே வாழ்கிறார், இங்கேயே தங்குவதில் ஊருக்கு ஆட்சேபணை இல்லை’ என்பது போதும்.

இனி, கெட்ட யோசனைகளில் முதலிடம் பெறுவது: ‘குற்றத்தை ஒத்துக்கொள், உள்ளே இருந்த நாளைக் கழித்து விட்டுவிடுவார்கள்.’ சாதாரணத் திருட்டு வழக்கில் வேண்டுமானால் அந்தக் கணக்கு சரிவரலாம். இங்கே ஒப்புக்கொண்ட அன்றே அவர் சட்டப்படி ‘சட்டவிரோதமாக நுழைந்த வெளிநாட்டவர்’ ஆகிறார். வழக்கு முடிந்ததால் அவரை இங்கே நிறுத்திவைக்கும் கடைசிக் காரணமும் போகிறது. நாடு கடத்தும் கோப்பு வேகமெடுக்கும். அங்கே போனால், அங்கீகரிக்கப்படாத வழியில் நாட்டைவிட்டு வெளியேறியதற்கு இலங்கைச் சட்டத்தில் தனி வழக்கு உண்டு. நாளை குடியுரிமை கேட்கலாம் என்றிருந்தால் அந்தக் கதவும் பாதி மூடும். ஆறு மாதத்தை மிச்சப்படுத்தப்போய் வாழ்க்கையைத் தோற்றவர்கள் இப்படித்தான் தோற்றார்கள். முடிவு அவருடையதுதான். ஆனால் இவ்வளவையும் அவருக்குப் புரியும் தமிழில் சொன்ன பிறகு எடுக்கும் முடிவாக அது இருக்க வேண்டும்.

குடியுரிமை என்றதும் நீலகிரிக்கே உரிய ஒரு விஷயத்துக்கு வருகிறோம். வழக்கில் சிக்கியவர் மலையகத்துக்காரராக (இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியைச் சேர்ந்தவராக) இருந்தால், ‘நீ வெளிநாட்டவரா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ சொல்வதற்கு முன் நான்கு தேதிகளைப் பாருங்கள். இந்தியாவில் 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூன் 30க்கும் இடையே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண் ஒருவருக்கு இந்த அடிப்படையில்தான் 2022 ஆகஸ்டில் மதுரைக் கிளை பாஸ்போர்ட் வழங்கச் சொன்னது. அவர் 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பின் பிறந்தவருக்கு இருவருமே இந்தியராகவோ, ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவோ இருக்க வேண்டும். நான்காவது கணக்குதான் பலருக்குத் தெரியாதது. இலங்கையில் 1992 டிசம்பர் 10க்கு முன் பிறந்தவர், அவர் பிறந்தபோது தகப்பனார் இந்தியக் குடிமகனாக இருந்திருந்தால், வம்சாவளியால் இந்தியர். உதாரணத்துக்கு, தகப்பனார் 1972இல் கண்டியில் இந்தியக் குடியுரிமைப் பதிவு பெற்றுவிட்டார், கப்பலுக்குக் காத்திருந்தார், மகன் 1978இல் ஹட்டனில் பிறந்தான், 1984இல் ராமேசுவரம் - தலைமன்னார் கப்பலே நின்றுபோனது என்று வையுங்கள். அந்த மகன் இன்று படகில் வந்து கைதாகியிருந்தால் அவர் வழக்கு வெளிநாட்டவர் வழக்கா என்பதே கேள்வி. பிறகு இலங்கைக் குடியுரிமையை அவர் தானாக விரும்பிப் பெற்றாரா என்று அரசுத் தரப்பு கேட்கும். அப்படிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்று சொல்லும் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு அங்கேதான் குறுக்கே வரும். பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். வெளிநாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் சுமை குற்றம்சாட்டப்பட்டவர் தலையில்தான் இருக்கிறது. எந்த ஆதாரமும் இல்லாமல் அரசு ஒருவரை வெளிநாட்டவர் என்று சொல்லிவிட முடியாது என்று 2024 ஜூலையில் அசாம் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியதும் நினைவில் இருக்கட்டும்.

இதற்கு ஆதாரம் எங்கே? சொந்தக்காரர் வீட்டுத் தகரப் பெட்டியில். ஒப்பந்தத்தில் வந்த குடும்பங்களுக்குக் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை, பழைய இந்தியப் பாஸ்போர்ட், குடியுரிமைச் சான்று. அட்டையில் குடும்பத்தார் பெயர், வயது, எந்த மறுவாழ்வுத் திட்டத்தில் அனுப்பப்பட்டார்கள் என்ற விவரம் இருக்கும். அது தொலைந்திருந்தால், அந்த அட்டையை வைத்து டான்டீயில் வேலைக்குச் சேர்ந்தவரின் பணிப்பதிவேட்டில் குடும்ப விவரம் ஏறியிருக்கலாம், நகல் கேளுங்கள். பெயர் எழுத்துகள் பொருந்தாது என்பதை முன்கூட்டியே எதிர்பாருங்கள். ஓர் இடத்தில் முனியாண்டி, இன்னோர் இடத்தில் முனியண்டி, சிங்கள எழுத்தரின் காதில் விழுந்தது வேறொன்று. தலைப்பெழுத்து அங்கே ஒரு விதம், இங்கே ஒரு விதம். எல்லாம் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரமும் வி.ஏ.ஓ. விசாரணை அறிக்கையும் சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும். ஒவ்வொரு முரண்பாட்டையும் எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது மேல்.

அதே காரணத்துக்காக, அவர் வந்த கதையை ஒரே ஓர் ஆள் உட்கார்ந்து தேதி வாரியாக எழுதி வக்கீலிடம் மட்டும் கொடுக்கட்டும். ஜாமீன் மனுவில் ஐப்பசியில் வந்தார், ஆட்சியர் மனுவில் தை மாதம், துண்டறிக்கையில் ‘போன வருடம்’ என்றிருந்தால் மூன்றும் ஒரே நாளில் அரசு வக்கீல் மேசையில் இருக்கும். காவலில் அவர் சொன்னதாக எழுதப்பட்ட வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. ஆனால் ‘உயிருக்குப் பயந்து படகேறி வந்தவரை விடுதலை செய்!’ என்று நீங்கள் ஒட்டிய சுவரொட்டியை அரசுத் தரப்பு எடுத்துக் காட்டலாம். ஆதரவாளர்களே அவர் படகில் வந்ததை ஒப்புக்கொண்டுவிட்டார்களே! ‘நியாயமான விசாரணை வேண்டும், சிறப்பு முகாம் வேண்டாம், திருப்பி அனுப்பாதே’ என்று மட்டும் எழுதுங்கள். ‘நிரபராதி’ என்றும் எழுத வேண்டாம், அதை நீதிமன்றம் சொல்லட்டும். நீதிபதியையும் சாட்சியையும் பற்றித் தாறுமாறாகப் பேசினால் அது நீதிமன்ற அவமதிப்பாகலாம், 6 மாதம் வரை சிறை. புலிகள் அமைப்பின் மீதான தடை 2024 மே மாதம் மேலும் 5 ஆண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கொடியோ படமோ கூட்டத்தில் ஒரு மூலையில் தெரிந்தாலும் உள்ளே இருப்பவரின் கோப்பில்தான் போய் ஒட்டும். ஆர்ப்பாட்டத்துக்கு டி.எஸ்.பி. அனுமதியை ஒரு வாரம் முன்பே எழுத்தில் கேளுங்கள். பதாகை துணியில் இருக்கட்டும், நீலகிரியில் பிளாஸ்டிக் தடை இருப்பது வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு மறந்துவிடுகிறது.

2025 மே 19 அன்று ‘இந்தியா தர்ம சத்திரம் அல்ல’ என்று உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னதிலிருந்து பலர் சோர்ந்துபோயிருக்கிறார்கள். அது உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டத்தில் தண்டனை பெற்ற ஒருவரின் மனுவில் வாய்மொழியாகச் சொன்னது. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமல்ல, இங்கே இருக்கும் எவருக்கும் உண்டு என்று 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் சொன்னதும் அதே உச்ச நீதிமன்றம்தான். அந்தத் தீர்ப்பு இன்றும் இருக்கிறது. வக்கீல்கள் அதைக் காட்டி வாதிடட்டும்.

பண விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் மனமிரங்கி அனுப்புகிறேன் என்பார்கள். அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவரிடமிருந்து ஓர் ஆதரவுக் குழு பணம் வாங்கினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். அனுமதி இல்லாத குழுவுக்கு அது குற்றம். உறவினர் உறவினருக்கு அனுப்புவது வேறு, அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. குழுவின் கணக்கில் உள்ளூர்ப் பணம் மட்டும் வரட்டும், பத்து ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். செலவில் பெரும்பகுதி பயணத்துக்குத்தான் போகும். கோவை மத்தியச் சிறையில் மனு போட்டு ஒருவரைப் பார்க்க கூடலூரிலிருந்து உதகை வழியாகச் சுமார் 135 கிலோமீட்டர். போக வர ஒரு நாள் கூலி போகும், பெரும்பாலும் இரண்டு நாள். அவருடைய மனைவிக்கு அந்தப் பேருந்துச் செலவை யாராவது ஏற்றாலே பாதி உதவி செய்த மாதிரி.

பத்திரிகையிடம் கேட்பது அதிகமில்லை. அவர் பெயர், முகம், இலங்கையில் அவர் ஊர், அங்கே இருக்கும் பெற்றோர், இவற்றை அச்சிடாதீர்கள். இங்கே வரும் செய்தியை அங்கே படிக்கிறார்கள். ஆதரவாளர்களும் வாட்ஸ்அப்பில் படம் போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். இலங்கைத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்வதும் அவர் கேட்டால் மட்டுமே. கைதுச் செய்தியை நான்கு பத்தியில் போடுகிறீர்கள். வழக்கு தள்ளுபடியானால் இரண்டு வரியாவது போடுங்கள். அந்த நறுக்கை வெட்டி இரண்டாவது கோப்பில் இணைக்க முடியும்.

வீட்டில் பழைய குடும்ப அட்டை வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒன்று. அதை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை பரவும், முத்திரையின் அழுத்தம் தட்டையாகிவிடும், அசல்தானா என்று சோதிக்க வேண்டிவந்தால் காகிதத்தைத் தொடவே முடியாது. பிரித்தெடுக்கப்போனால் எழுத்தும் கூடவே உரிந்து வரும். ஒரு பருத்தித் துணியில் சுற்றி, மழைக்காலத்தில் அடுப்பங்கரைப் பக்கத்து அலமாரியில், பூஞ்சணம் பிடிக்காத இடத்தில் வையுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
கூடலூர், பந்தலூர் வட்டங்களில் இந்த வழக்குகளுக்கு உதவி வருவோர் சிலர்
நீலகிரி மாவட்டம்